"சொன்னாப் புரியாது": மருத்துவர்களின் விளக்கமும் நம் மக்களின் சம்மதமும்



இந்த மேடையில் நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம், நிலம், இடஒதுக்கீடு, வன்கொடுமை வழக்குகள் என்று பேசுவதுதான் வழக்கம். மருத்துவமனையைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டபோது மன்றத் தோழர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்கள். அவர்கள் யோசித்ததில் தப்பில்லை. மருந்து இருக்கிறதா, படுக்கை கிடைத்ததா, மருத்துவர் வந்தாரா என்று கேட்டுத்தான் நமக்குப் பழக்கம். வந்த மருத்துவர் நம்மிடம் என்ன சொன்னார் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தலைப்பில் எழுதிவைத்த குறிப்புகளில், கத்தியவார் பகுதியைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியரின் கடிதம் வருகிறது. 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வெளியான கடிதம் அது. ஆசிரியர் தீண்டப்படாதவர். மனைவிக்குப் பிரசவமாகி இரண்டே நாளில் உடம்புக்கு முடியாமல் போகிறது. மூச்சு வாங்குகிறது, விலாவில் வலி. சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் மருத்துவர். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று நிபந்தனை போடுகிறார். பச்சைப்பிள்ளையோடு அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவருகிறார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார் மருத்துவர். மருந்து அனுப்புகிறார். மறுபடி வந்து பார்க்க மறுத்துவிடுகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

தீண்டாமைக்குச் சான்றாக இந்தக் கடிதத்தை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இம்முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து என்று அந்தப் பெண்ணிடம் மருத்துவர் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. உடம்பு அவளுடையது. கருவியும் சொல்லும் அடுத்தவர் கை வழியாகவே வந்துபோகின்றன.

இன்று தெர்மாமீட்டர் நேராக நம்மிடம் வருகிறது. சொல் இன்னும் சுற்றித்தான் வருகிறது. அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். நோயாளி முன்னால் உட்கார்ந்திருப்பார். மருத்துவர் தலையை நிமிர்த்தி, "கூட யார் வந்திருக்கா?" என்று கேட்பார். சட்டையும் பேச்சும் கொஞ்சம் தெம்பாக இருக்கும் ஒருவரிடம்தான் விஷயம் சொல்லப்படும். யாரும் வரவில்லையென்றால் சீட்டில் எழுதி, "மாத்திரை வாங்கிட்டுப் போ" என்பதோடு முடிந்துவிடும். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். கூட்டம் அதிகம் என்பது ஒன்று. அது உண்மை, காலிப் பணியிடங்களை நிரப்பாத அரசைத்தான் அதற்குக் கேட்க வேண்டும். இன்னொன்று, "இவங்களுக்குச் சொன்னாப் புரியாது." சொல்லிப் பார்த்துவிட்டு வந்த முடிவல்ல இது. வாயைத் திறக்கும் முன்பே, ஆளைப் பார்த்ததும் வந்த முடிவு. அதே மருத்துவர் மாலையில் தன் சொந்த கிளினிக்கில் படம் வரைந்து விளக்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். சமூகவியல் படித்தவள் என்பதால் மட்டும் இதைச் சாதி என்று சொல்லவில்லை. 'புரியாது' என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் அந்தத் திறமைக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, தூய்மைப் பணியாளர். மாதவிடாய் நின்று சில வருடங்கள் கழித்து மறுபடி உதிரம் படுகிறது. மருத்துவமனைக்குப் போனார். "சதை டெஸ்ட் எடுக்கணும், கையெழுத்து போடுங்க" என்றார்கள். போட்டுவிட்டு, டெஸ்ட்டுக்குக் கொடுத்த தேதியில் போகவில்லை. நான்கு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன்க்கா போகலை என்றதற்கு, "சதையில கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே பாப்பா. எனக்கு என்ன இருக்குன்னே அவங்க சொல்லலை. இருந்தாத்தானே வெட்டுவாங்க?" என்றார். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு ஒழுங்கான தர்க்கம்! புரியாதவர் பேசுகிற பேச்சா இது? இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை என்ற ஒரே ஒரு வாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை.

வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பயிற்சியில் இருந்த ஒரு சின்னப் பெண் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் கர்ப்பப்பையை வரைந்தார். "அரிசி அளவு சதைதான் எடுப்போம். அதை இன்னொரு டாக்டர் மைக்ராஸ்கோப்பில பார்ப்பாங்க. கெட்டது இல்லைன்னா அதோட முடிஞ்சது. இருந்தாலும் இப்பவே கண்டுபிடிச்சா வைத்தியம் இருக்கு. எடுக்கிறதால பரவாது" என்றார். அதன் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். "இப்ப வீட்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்வீங்க? எனக்குச் சொல்லிக் காட்டுங்கம்மா" என்றார். அக்கா சொன்னார். ஓரிடத்தில் தவறியது, அந்தப் பெண் திருத்தினார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. புரிந்ததா என்று கேட்டால் நம் ஆட்கள் தலையாட்டிவிடுவார்கள், மரியாதைக்காகவும் பயத்திலும். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும்.

யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தத் தோழரிடமும் இதே பழக்கம் இருந்தது. ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர். எழுதிய மனுவை முழுக்க வாசித்துக் காட்டி, "நீ சொன்னதுதானே இது?" என்று கேட்ட பிறகுதான் மை டப்பாவைத் திறப்பார். கைரேகை என்றால் எழுத்தறியாதவரின் கையெழுத்து என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு கம்மம் கதைக்கு வருகிறேன்.

2009 ஜூலையில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் அடுத்து குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இரண்டு மாநில அரசுகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. கம்மத்தில் ஏறக்குறைய 14,000 சிறுமிகள். பெரும்பகுதி பழங்குடி, தலித், பிற ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள், பலர் விடுதி மாணவிகள். இரு மாநிலங்களிலுமாக ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்து, பெண்கள் அமைப்புகள் பத்ராசலம் போய் விசாரித்த பிறகு, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

அந்த மரணங்களுக்குத் தடுப்பூசிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அரசு விசாரணையும் அப்படிச் சொல்லவில்லை. எச்.பி.வி. தடுப்பூசி உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்ட, பயன் தெரிந்த ஊசி; நம் பெண்பிள்ளைகளுக்கு அது கிடைக்கவேண்டும். விசாரணையில் வெளிவந்த வேறொரு கணக்கைத்தான் சொல்ல வந்தேன். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையில் அது இருக்கிறது. ஆந்திராவில் பரிசீலித்த 9,543 சம்மதப் படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948 படிவங்களில் இருந்தவை கைரேகைகள்.

விடுதியில் படித்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வார்டன் என்றால் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சோறு போடுகிறவர், லீவு கொடுக்கிறவர், வெளியே அனுப்பும் அதிகாரம் உள்ளவர். அவர் பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுகிறார். அம்மா அப்பா கூலி வேலையில் இருப்பார்கள், கூப்பிட்டுச் சொல்ல நேரமில்லை, சொன்னாலும் புரியாது. மறுபடி அதே சொல்.

இதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2008 ஜனவரியில், சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி அகற்றிவிட்டார்கள். அவர் வயதுவந்த, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய பெண். அவசர நிலையும் இல்லை. தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். டெல்லியில், வழக்குப் போடும் வசதியுள்ள பெண்ணுக்குப் பெற்ற தாயே கையெழுத்துப் போட முடியாது. கம்மத்தில் வார்டன் போடலாம்.

மாணவத் தோழர்கள் அமெரிக்காவின் டஸ்கிகீ ஆய்வைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை வைத்தியம் செய்யாமல் வேடிக்கை பார்த்த ஆய்வு. அவர்களுக்குச் சொல்லப்பட்டது 'கெட்ட ரத்தம்' என்று மட்டும். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததை இலவசச் சிறப்புச் சிகிச்சை என்றார்கள். 1940களில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இதில் நாம் அதிகம் பேசாத ஒருவர் யூனிஸ் ரிவர்ஸ். கறுப்பினச் செவிலியர். அந்த ஆண்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தவர், வண்டியில் அழைத்து வந்தவர், அவர்கள் நம்பியவர். அந்த நம்பிக்கை இல்லாமல் ஆய்வு 40 ஆண்டு நடந்திருக்காது. நம் சமூகத்திலிருந்து மருத்துவர்களும் செவிலியர்களும் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். வரட்டும், வரவேண்டும். ஆனால் நம்மவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக நம் மக்கள் கையை நீட்டும்போது, அந்த நம்மவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும், அதைச் சொல்லும் தைரியமும் இருக்கவேண்டும்.

நம் ஊருக்கே வருகிறேன். 2000ஆம் ஆண்டிலிருந்து திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருப்பைவாயில் வினிகரைத் தடவினால், கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். விலை மலிவான சோதனை, செவிலியரே செய்யலாம். 30 முதல் 59 வயதுப் பெண்களில் ஒரு பகுதி ஊர்களுக்கு இந்தச் சோதனை; மற்ற ஊர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது மட்டும், அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2007இல் முடிவு வந்தது. சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைவு. அதே ஆண்டு தேனியிலும் தஞ்சாவூரிலும் தமிழக அரசு பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது, பிறகு மாநிலம் முழுக்க விரிந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் பெண்களுக்குச் செய்யும் சோதனைக்குப் பின்னால் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

கூடவே இதையும் சொல்லவேண்டும். திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் என்று மூன்று இடங்களில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் சோதனை இல்லாத பிரிவில் இருந்த பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் குறைந்தது 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்ததாக 2014இல் வெளிவந்த ஒரு விமர்சனக் கட்டுரை கணக்கிட்டது. இந்தியாவில் பரிசோதனைத் திட்டமே இல்லாதபோது நாங்கள் எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் பதில். முழுக்கத் தள்ளிவிடக்கூடிய பதிலும் இல்லை அது. என் கேள்வி சின்னது. இந்த நோயை முன்னாலேயே கண்டுபிடிக்கும் சோதனை உலகத்தில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, உங்கள் ஊருக்கு அது இந்த ஆய்வில் கிடைக்காது, விரும்பினால் வெளியே செய்துகொள்ளலாம் என்று அந்தப் பெண்களுக்குப் புரியும்படி சொல்வதற்கு எத்தனை நிமிடம் ஆகும்?

ஆராய்ச்சி சிக்கலானது, எளிய தமிழில் சொல்ல முடியாது என்பார்கள். சம்மதப் படிவத் தமிழைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று எழுதினால் எனக்கே புரியாது. குலுக்கல் சீட்டு போடாத பெண் நம் தெருவில் உண்டா? "சீட்டு குலுக்குற மாதிரி குலுக்குவோம். உங்க பேரு எதுல விழும்னு டாக்டருக்கும் தெரியாது. ஒரு பக்கம் புது மருந்து, ஒரு பக்கம் மருந்து மாதிரியே இருக்கிற வெறும் மாத்திரை" என்றால் அடுத்த கேள்வி அவரிடமிருந்தே வரும்: "வெறும் மாத்திரை விழுந்தா என் நோய்க்கு என்ன வழி?" ஒருவேளை அந்தக் கேள்வி வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தமிழோ என்னவோ.

மருந்து ஆய்வில் சேரச் சொன்னால் நமக்குள்ள உரிமைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 விதிகளின்படி, புரியும் மொழியில் எழுத்தில் தகவல் தரவேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக்கூடாது. பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும், அது ஆய்வால் வந்தது என்றால் இழப்பீடும் உண்டு. ஆய்வில் இல்லாத சாதாரண நோயாளியும் தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். இது 2002 முதலே மருத்துவர்களுக்கான விதி.

உரிமை தாளில் இருப்பது போதாது என்று உங்களுக்குத் தெரியும். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் தோன்றியபோது எந்த இயக்கத்தின் பெயரை எடுத்துக்கொண்டதோ, அந்தக் கறுப்புச் சிறுத்தைகள் அமெரிக்க நகரங்களில் இலவச மருத்துவமனைகள் நடத்தினார்கள். 1971இல் அரிவாள் செல் இரத்தசோகைக்கான பரிசோதனையை இயக்கமாகவே எடுத்துப் போனார்கள். துப்பாக்கி ஏந்திய படம் நம் சுவர்களுக்கு வந்தது, இது வரவில்லை. அந்த நோய் நமக்கும் அந்நியமில்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பது 1952லேயே பதிவாகியிருக்கிறது. அதில் விளக்கம்தான் பாதி வைத்தியம். மரபணுவை ஒரு பக்கம் மட்டும் சுமப்பவர் நோயாளி இல்லை. கணவன் மனைவி இருவருமே சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. இதைச் சரியாகச் சொல்லாமல் கையில் ஓர் அட்டையை மட்டும் கொடுத்தால், பெண் கேட்டு வருகிறவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். நமக்கு ஏற்கெனவே இருக்கிற தீண்டாமை போதும்.

நம் மன்றம் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. மருத்துவம், செவிலியம் படிக்கும் நம் பிள்ளைகள் பத்துப் பேர், துணைக்கு நம் எழுத்தாளர்கள் நாலு பேர். மருத்துவமனைகளில் கையெழுத்து வாங்கும் படிவங்களைச் சேகரித்து, அவற்றைப் பேச்சுத் தமிழில் எழுதி, நம் தெருவில் ஐந்து பெண்களிடம் வாசித்துக் காட்டவேண்டும். அவர்கள் திருப்பிச் சொல்லும்போது எங்கே தடுக்கிறதோ அங்கே திருத்தவேண்டும், அவர்களை இல்லை, படிவத்தை. முதலில் மயக்க மருந்து, சதை டெஸ்ட், கர்ப்பப்பை ஆபரேஷன், இந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் பெயரும், எந்த ஊர் என்பதும் எழுதிவிட்டுப் போங்கள்.