பரிசில் கடாநிலை



புறநானூற்றிலே 'பரிசில் கடாநிலை' என்றொரு துறை உண்டு. பாடி வந்த புலவனுக்குப் பரிசில் கொடாது அரசன் காலந்தாழ்த்துகிறான். புலவன் அதனை நினைவூட்டிக் கேட்டு நிற்கிறான். உயர்தர வகுப்பிலே பதினைந்து ஆண்டுகளாக இத்துறைக்கு நான் சொல்லி வந்த விளக்கம் ஒரே வரிதான். "பரிசில் தரும்படி புலவன் வேண்டுதல். எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளைகள்." அந்த வரி போதாது என்பதை நான் படித்தது நூலகத்தில் அல்ல. கட்டார் நாட்டிலே, ஒரு கணக்காளரின் அறை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் படித்தேன்.

2022ஆம் ஆண்டு நம் வீடுகளில் நடந்ததை நான் விபரிக்க வேண்டியதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. ஆசிரியரின் சம்பளம் அப்படியே இருந்தது. அரிசியின் விலை அப்படியே இருக்கவில்லை. அரச ஊழியர் வெளிநாட்டு வேலைக்காக ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் செல்லலாம் என்று அந்த ஜூன் மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. நானும் விண்ணப்பித்தேன். செப்ரெம்பரில் டோஹா நகரிலே, இந்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் ஒரு தனியார் பாடசாலையில் தமிழாசிரியனாகச் சேர்ந்தேன்.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அநேகர் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்தவர்கள். "கதைக்காதேங்கோ" என்று நான் சொன்னால் வகுப்பு முழுதும் சிரிக்கும். "சார், கதை சொல்லாதீங்கன்னு சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்திருப்பேன். ஊரிலே அம்மா படுக்கையில் விழுந்துவிட்டதால், 2024 மார்ச்சில் கல்வியாண்டு முடிவதோடு விலகுவதாக ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தேன்.

அப்போதுதான் சிக்கல் தொடங்கியது. பெப்ரவரிச் சம்பளத்தில் பாதி நிலுவை. மார்ச் சம்பளம் முழுதும் நிலுவை. பத்தொன்பது மாத சேவைக்குரிய சேவைக்காலக் கொடை வேறு. எல்லாமாகப் பத்தாயிரம் றியால். நம் பணத்தில் எட்டு இலட்சத்துக்கு மேல். அம்மாவின் வைத்தியமும் மகளின் படிப்பும் அந்தத் தொகையை நம்பியே இருந்தன.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கட்டாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிற் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்த மறுநாளுக்குள் சம்பளமும் ஏனைய நிலுவைகளும் கொடுக்கப்பட வேண்டும். ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் கொடையாகச் சேரும். நாட்டை விட்டுப் போக முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதியும் 2018இலே பெரும்பாலானோருக்கு நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே கதவு திறந்துதான் இருந்தது. பைதான் வெறுமையாக இருந்தது.

நோன்பு மாதம். அலுவலகம் சிறிது நேரமே திறந்திருக்கும். ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்ததும் கணக்காளரின் வாசலுக்குப் போய் இருப்பேன். அவர் மதுரைக்காரர், மரியாதையான மனிதர். "நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்பார். ஒருநாள் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஔவையாரும் வந்தார். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்தபோது, ஔவையார் அரசனை நோக்கிப் பாடவில்லை. வாயில் காப்போனை நோக்கியே பாடினார். உன் அரசன் தன்னை அறியாதவனா, அல்லது என்னை அறியாதவனா என்று கேட்டார். எத்திசை போனாலும் எமக்குச் சோறு கிடைக்கும் என்று சொல்லிவிட்டு யாழை எடுத்துக் கட்டினார்.

இந்தப் பாட்டை வகுப்பில் எத்தனை உற்சாகமாகப் படிப்பித்திருக்கிறேன்! கதிரையில் இருந்தபோது இரண்டு விடயங்கள் உறைத்தன. ஒன்று, வாயிலோனிடம் சாவி இல்லை. மதுரைக்காரரை ஏசுவதில் பயனில்லை. அவருடைய சம்பளமும் நிலுவையில்தான் இருந்தது. மற்றது, ஔவையாருக்கு எத்திசையும் திறந்திருந்தது. எனக்கோ வதிவிட அனுமதி இரத்தாகும் நாள் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு அந்த வாசலில் இருக்கவும் எனக்கு இடமில்லை. நாளைக்கு என்று சொல்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

விமானத்துக்கு ஆறு நாட்கள் இருக்கையில் முகாமையாளர் அழைத்தார். அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒரு தாளை நீட்டினார். எனக்குச் சேர வேண்டிய எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன், இனிக் கோருவதற்கு எதுவுமில்லை என்பது அதன் சாரம். "ஒப்பமிட்டுவிட்டுப் போங்கள், இரண்டு வாரத்தில் பணத்தை ஊருக்கே அனுப்பிவிடுகிறோம். இவ்வளவு நாள் எங்களோடு இருந்தவர், உங்களைக் கைவிடுவோமா?" என்றார். குரல் இனிமையாகத்தான் இருந்தது. பேனாவையும் எடுத்துவிட்டேன்.

முந்திய ஆண்டு மலையகத்து நண்பர் ஒருவர் இதே தாளில் ஒப்பமிட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார். அவருக்கு ஒரு சதமும் போய்ச் சேரவில்லை. அங்கே விஞ்ஞானம் படிப்பித்த கேரளத்து ஆசிரியை ஒருவர், நான் சேச்சி என்று அழைப்பவர், எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "மாஷே, காசு முதல், ஒப்பு பிறகு." பேனாவை மூடினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

அன்றிரவு எனக்குத் துணை நின்றவர் ஆவூர் மூலங்கிழார். பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம் பரிசில் கேட்டு நின்ற புலவர் அவர். புறநானூற்றின் 196ஆம் பாட்டிலே அவர் சொல்வது இதுதான்: முடிந்ததைத் தருவேன் என்பதும், முடியாததை இல்லை என்பதும் இரண்டுமே நல்ல செயல்கள். முடியாததை முடியும் என்பதும், முடிந்ததை இல்லை என்பதும் கேட்பவரை வாட்டும்; கொடுப்பவரின் புகழையும் குறைக்கும். இறுதியில், உன் பிள்ளைகள் நோயின்றி வாழட்டும், காற்றை மட்டுமே மறைக்கும் என் வறிய வீட்டில் இருக்கும் மனைவியை நினைத்து நான் போகிறேன் என்று வாழ்த்தி விடைபெறுகிறார்.

நேயர்களே, அந்தப் பாட்டின் ஒழுங்கிலேயே ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். பாடசாலை எனக்குச் செய்த நன்மைகளுக்கு முதலில் நன்றி சொன்னேன். பிறகு நிலுவையை வரி வரியாகக் கணக்கிட்டுக் காட்டினேன். "தருவதானால் திகதியை எழுதித் தாருங்கள். தர இயலாதென்றால் அதையும் எழுதித் தாருங்கள். இரண்டையும் நன்றியோடு பெற்றுக்கொள்வேன். இல்லை என்ற கடிதத்தைத் தொழில் அமைச்சில் கையளித்துவிட்டு விமானம் ஏறுவேன்" என்று எழுதினேன். அவருடைய பிள்ளைகளின் நலத்தை விரும்பி முடித்தேன். அந்த வாழ்த்து வெறும் சடங்கல்ல. அவருடைய மகன் என் வகுப்பு மாணவன்.

எழுத்தில் 'இல்லை' என்று சொல்ல அவர் துணியவில்லை. நான்காம் நாள் இரு மாதச் சம்பள நிலுவையும் வங்கிக்கு வந்தது. சேவைக்காலக் கொடையில் ஓராண்டுக்குரியதை மட்டும் காசோலையாகத் தந்தார்கள். மீதி ஏழு மாதங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. அதற்காக நின்று வழக்காட எனக்கு நாளில்லை. ஆனால் அச்சிட்ட தாளில் நான் ஒப்பமிடவில்லை. பெற்ற தொகையையும் பெறாத தொகையையும் கைப்பட எழுதி, அதன் கீழ் ஒப்பமிட்டேன். முகாமையாளர் அதைப் பார்த்து, "ஸேர் கணக்கும் படிப்பிக்கலாம் போலிருக்கிறதே" என்றார். மதுரைக்காரர் தலையைக் குனிந்து கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

இதைக் கெட்டிக்காரத்தனமாக நான் சொல்லவில்லை. நட்டம் எனக்கும் உண்டு. மலையகத்து நண்பருக்கு அதைவிட உண்டு. அவர் ஏமாந்தது அறியாமையால் அல்ல. நாம் வேலை பார்த்த இடத்தில் காசைப் பற்றிக் கறாராகப் பேசுவது குருவுக்கு அழகல்ல என்ற வெட்கத்தால்தான். அந்த வெட்கத்தை நமக்கு ஊட்டியது எது என்று யோசித்துப் பார்த்தால், சங்க இலக்கியம் அல்ல என்பது புலப்படும். தன்னைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலை, நான் வணிகன் அல்லேன் என்று மறுத்தவர் பெருஞ்சித்திரனார். கேட்டவரும் மறுத்தவரும் ஒரே மரபினர். தம் புலமையின் மதிப்பை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால் கேட்கும்போது குனியவில்லை, மறுக்கும்போது துள்ளவுமில்லை.

இப்போது மீண்டும் எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்குப் போகிறேன். அண்மையில் இந்தப் பாட்டைப் படிப்பித்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஸேர், இது பிச்சை கேட்கிறதுதானே?" என்று கேட்டாள். முன்னைய நானாக இருந்தால், அது அக்கால வழக்கம் என்று கடந்து போயிருப்பேன். "இல்லை பிள்ளை, செய்த வேலைக்குக் கூலி கேட்கிறது. இரு, ஒரு கதை சொல்கிறேன்" என்றேன்.

அந்தக் கதையைத்தான் உங்களுக்கும் சொன்னேன். அடுத்த மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போகும் ஆசிரியர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், சேச்சியின் சொல்லையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். காசு முதல், ஒப்பம் பிறகு.