படைவீரரும் பணியாளர் நிர்வாகமும்



இராணுவம் என்றவுடன் துப்பாக்கி ஏந்திய வீரனே நம் கண்முன் நிற்கிறான். அவனுடைய விடுமுறை, ஊதியம், பதவி உயர்வு ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிந்து வைக்கும் எழுத்தரை நாம் நினைப்பதே இல்லை. என்னிடம் பயின்ற ஒருவர் அத்தகைய எழுத்தராக 17 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வு பெற்றார். ஏறத்தாழ 800 பேருடைய பணிப்பதிவுகள் அவர் கையில் இருந்தன. ஆயினும், ஒரு தொழிற்சாலையின் பணியாளர் துறைக்கு அவர் விண்ணப்பித்தபோது, "பட்டயம் உண்டா?" என்பதே முதற் கேள்வியாயிற்று. அது நியாயமற்ற கேள்வி என்று அவர் வருந்தினார். நான் அவ்வாறு கருதவில்லை.

படையில் தொழிற்சங்கம் கிடையாது. அரசியலமைப்பின் 33ஆம் உறுப்பும், 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் அவ்வுரிமைக்கு வரம்பு கட்ட இடமளிக்கின்றன. தொழிற்சாலையிலோ, சங்கத்தாரோடு அமர்ந்து பேசி உடன்பாடு காண்பது பணியாளர் அதிகாரியின் தலையாய கடமைகளுள் ஒன்று. கட்டளைக்குப் பழகிய நாவுக்கு இது முற்றிலும் புதிய பாடம் அன்றோ? சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும், 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமும் இன்று தனித்து இல்லை. அவற்றின் இடத்தில் 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. முன்னரே கற்றுத் தேறியவர்களும் மீண்டும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியவர்களே.

இனி, ஆசிரியன் வழக்கப்படி ஒரு கணக்குப் போடுகிறேன். 18 வயதில் படையில் சேர்பவர் 17 ஆண்டு பணிக்குப் பின் 35 வயதில் வெளியே வருகிறார். 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், இருந்த இடத்திலிருந்தே பயிலலாம். மனிதவள மேலாண்மை முதுநிலைப் பட்டயம் பெற, முதலில் ஒரு பட்டம் வேண்டும். பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, மிகுந்தால் 6. பட்டயத்துக்கு 1 முதல் 3 வரை. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடைபெறும். எல்லைக் காவலால் ஒன்று தவறினால் அரையாண்டு போயிற்று. ஆகவே 9 ஆண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் ஆண்டிலேனும் தொடங்கியாக வேண்டும்! ஓய்வு நெருங்கும் வேளையில் பாதுகாப்பு அமைச்சகமும் மறுவாழ்வுப் பயிற்சிகள் நடத்துகிறது. பட்டம் பெற்ற அதிகாரிக்கு அவை பெரிதும் உதவும்; பத்தாம் வகுப்போடு சேர்ந்த சிப்பாய் அதுவரை காத்திருத்தல் ஆகாது.

2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்திலோ பணிக்காலமே 4 ஆண்டு. நூற்றுக்கு 25 பேர் வரையே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். உங்களுள் சிலர் அவ்வழி செல்லக்கூடும். அவர்களுக்கென அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட பட்டப்படிப்பில், பாதி மதிப்பு படைப்பயிற்சிக்கே அளிக்கப்படுகிறது. மறுபாதியைத் தாமே படித்துத் தேற வேண்டும். பட்டயம் அதற்கும் அப்பால் நிற்கிறது. பல்கலைக்கழகச் சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் நடைபெறுகிறது.