உறையில் இல்லாத பெயர்கள்



தமிழ்ச் சங்க மேடையிலே ஆங்கிலப் பாடகர் குழுவாகிய பீட்டில்ஸ் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நம் குடியிருப்பின் பிள்ளைகள் கைப்பேசியிலே அப்பாட்டுகளைக் கேட்கின்றனர். 'இது தகுமா?' என்று பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர். நாம் தேவிகுளத்து மலையிலே பிறந்தவர். மூணாற்றிலே ஓடிய சிற்றிரயில் 1924 வெள்ளத்தோடு போயிற்று. ஆகவே இரயில்வே வேலைக்கு மலையிறங்கி வந்தோம். கணக்கெழுதும் கையாதலின், இவ்வினாவையும் கணக்கர் முறையிலேயே அணுகுவோம். யார் பெயரில் வரவு வைக்கப்பட்டது, யார் பெயர் விடுபட்டது என்று பார்ப்போம்.

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்னும் லிவர்ப்பூல் இளைஞர் நால்வரும் 1963இல் தம் முதல் இசைத்தட்டுத் தொகுப்பை வெளியிட்டனர், 1970இல் பிரிந்தனர். இடையிலே அவர்கள் பெற்ற புகழை உலகறியும். 1965இல் வந்த 'ரப்பர் சோல்' தொகுப்பிலே ஹாரிசன் ஒரு பாட்டுக்குச் சிதார் மீட்டினார். மறு ஆண்டு 'ரிவால்வர்' தொகுப்பிலே ஒரு பாட்டுக்குத் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயர் தட்டின் உறையிலேயே அச்சாயிற்று. நன்று.

1967இல் 'சார்ஜண்ட் பெப்பர்' வந்தது. அதிலே 'விதின் யூ விதவுட் யூ' என்றொரு பாட்டு. தில்ரூபா, தபலா, தம்புரா, சுவரமண்டலம் ஆகியன ஒலிக்கும் அப்பாட்டிலே நால்வருள் பங்கு கொண்டவர் ஹாரிசன் ஒருவரே. இந்திய வாத்தியங்களை வாசித்த பிறர் இலண்டனில் வாழ்ந்த நம் நாட்டவர். நம்மைப் போல் பிழைக்கப் போன ஊரிலே கலையைக் கைவிடாதவர்கள் அவர்கள். அத்தட்டின் உறையைப் பாருங்கள். மெழுகுப் பொம்மைகள் உள. திரைப்பட நடிகர்கள் உளர். பரமஹம்ச யோகானந்தர் உள்ளிட்ட நம் யோகியர் நால்வரும் உளர். தில்ரூபாவிலே வில்லிழுத்தவரின் பெயரோ எங்கும் இல்லை! பல ஆண்டுகள் கழிந்த பின்னரே ஆர்வலர்கள் தேடிக் கண்டனர்.

1968 ஜனவரியிலே ஹாரிசன் பம்பாய்க்கு வந்து, 'தி இன்னர் லைட்' பாட்டின் வாத்திய இசையைப் பதிவு செய்தார். அதிலே குழலூதியவர் ஹரிபிரசாத் சௌராசியா. குழு கலைந்த பின், 1974இல், ரவிசங்கரோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் புறப்பட்டார் ஹாரிசன். சௌராசியா அதிலும் சென்றார், வயலினுக்கு எல். சுப்பிரமணியம், மிருதங்கத்துக்குத் திருப்பூணித்துறையிலே பிறந்த டி. வி. கோபாலகிருஷ்ணன்.

இந்த டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கருநாடக இசை பயின்ற மாணவர் ஒருவரை இங்கே அறியாதார் இலர். நம் மலைத்தொடரின் கிழக்கடிவாரத்துப் பண்ணைப்புரத்திலே பிறந்த இளையராஜாவே அவர். அவர் 1988இல் 'நத்திங் பட் விண்ட்' என்னும் வாத்திய இசைத் தொகுப்பை வெளியிட்டபோது, அதிலே குழலிசைத்தவரும் அதே சௌராசியா! பிள்ளைகள் கேட்கும் அந்த ஆங்கிலப் பாட்டுக்கும் நம் மலையடிவாரத்துக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு குறைவு, பார்த்தீர்களா?

இன்னும் ஒன்று. 1958இல் தேவிகுளத்திலே இடைத்தேர்தல் நடந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே பாடி வாக்குக் கேட்டவர் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன். வென்றவர் ரோசம்மா புன்னூஸ் என்பது தேர்தல் ஏட்டிலே உண்டு. தொண்டை வறளப் பாடியவர் பெயருக்கு அவ்வேட்டிலே இடமில்லை. அண்ணனின் குழுவிலே பதினான்காம் வயதிலே சேர்ந்த தம்பி பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றதனாலன்றோ அண்ணனின் பெயரும் இன்று பலர் நாவிலே நிற்கிறது! தம்பி இல்லாத பாடகர் எத்தனை பேரோ?

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகள் அப்பாட்டுகளைக் கேட்கட்டும், தடுக்க வேண்டா. கேட்கும்போது, 'இங்கே தபலா வாசிப்பவர் யார்?' என்று மட்டும் வினவுங்கள். விடை தேடும் பிள்ளை தானாகவே நம் இசையின் வாசலுக்கு வந்துவிடும்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இன்றைய நிகழ்ச்சி நிரலிலே நடனமாடும் குழந்தைகளின் பெயர்களும் நன்கொடையாளர் பெயர்களும் உள்ளன. பக்கவாத்தியம் வாசிக்கும் ஐவர் பெயரைக் காணோம். ஐவரும் நம் குடியிருப்பினரே. பகலெல்லாம் வேலை பார்த்து இரவிலே ஒத்திகைக்கு வந்தவர்கள். விழா மலரின் கடைசிப் பக்கம் இன்னும் அச்சேறவில்லை என்று செயலாளர் கூறினார். பெயர்களை எழுதிச் சட்டைப்பையிலே வைத்திருக்கிறோம். இறங்கியதும் அவரிடம் தருவோம்.