தலைவி அமர வேண்டிய நாற்காலி

(ஊராட்சி உறுப்பினர்களின் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



நாம் பல ஊராட்சி அலுவலகங்களுக்குச் சென்றிருக்கிறோம். “தலைவர் இருக்கிறாரா?” என்று கேட்டால், “நான்தான், வாருங்கள்” என்று ஓர் ஆடவர் வரவேற்பதுண்டு. சுவரிலுள்ள பலகையிலோ ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். விசாரித்தால், வரவேற்றவர் அவருடைய கணவர் என்பது தெரியவரும். ஊராரும் அவரையே “தலைவரே” என்று அழைப்பர். இதை வேடிக்கை என்று நம்மால் விட்டுவிட இயலவில்லை.

1957இல் பல்வந்தராய் மேத்தா குழு, பெண்கள், குழந்தைகள் நலப் பணியில் ஆர்வமுள்ள பெண்கள் இருவரை ஒன்றிய அளவிலான மன்றங்களில் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. ஏரியும் சாலையும் ஆடவருக்கே உரியவை என்பது அக்காலத்து எண்ணம் போலும். பின்னர், 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களையும் தலைவர் பதவிகளையும் பெண்களுக்கு உரியவையாக்கியது. தமிழ்நாட்டில் 2016இல் அப்பங்கு பாதியாக உயர்ந்தது.

இடம் கிடைத்தது, அதிகாரம் முழுவதும் கைக்கு வந்துவிடவில்லை. ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான், பொதுப்பணம் ஒருவர் கையில் மட்டும் இராது. ஆனால், தலைவி தம் சொற்படி நடக்கவில்லை என்று சினந்து துணைத் தலைவர் பேனாவை மூடிவைத்தால் என்ன ஆகும்? மோட்டார் பழுதாகிக் கிடக்கும். மேல்நிலைத் தொட்டி காய்ந்திருக்கும். “பெண்பிள்ளைக்கு நிர்வாகம் தெரியுமா?” என்று திண்ணையில் பேச்சு எழும். தடுத்தவரின் பெயர் மட்டும் அப்பேச்சில் வராது.

தலைவி பட்டியல் வகுப்பினராக இருந்துவிட்டால் சுமை இரட்டிப்பாகிறது. கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றின் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவி தரையில் அமர்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் நாடெங்கும் வெளியாயிற்று. சாதி வேறுபாடின்றி ஊராட்சித் தலைவர்களே கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுத நேர்ந்ததற்காக நாம் அனைவரும் வெட்கப்பட வேண்டும்.

சகோதரிகளே, ஆடவரைப் போல அதட்டினால்தான் வேலை நடக்கும் என்று சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். நாம் அதை ஏற்கவில்லை. எந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் கடைசியாக வருகிறது என்பது குடம் சுமந்தவருக்குத் தெரியும். அந்த அறிவோடு பேசுங்கள். ஆனால் தீர்மானப் புத்தகத்தையும் வரவுசெலவுக் கணக்கையும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். எழுதாத தாளில் எவர் கேட்டாலும் கையொப்பமிடாதீர்கள். கேட்பவர் கணவரானாலும் சரியே!

கணவன்மார்களிடமும் ஒரு வேண்டுகோள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடவேண்டும். அன்று நீங்களும் ஊரில் ஒரு வாக்காளரே; மற்றவர்களோடு கீழே அமருங்கள். கணக்கைத் தலைவியே படிக்கட்டும். முதல் தடவை குரல் நடுங்கலாம். எடுத்துக்கொடுக்க எவரும் எழ வேண்டாம். தவறிய வரியை அவரே திரும்பப் படிப்பார்.