கண்ணில் தோன்றும் செந்திட்டு

முழங்காலிலே அடிபட்டு இரத்தம் கன்றினால், நாலு நாளில் மாறிவிடும் என்று சொல்லி அதனைப் பொருட்படுத்தாது விடுவார்கள். அதே கன்றல் கண்ணிலே தோன்றிவிட்டாலோ வீடே கலங்கிவிடுகிறது. இரவு நன்றாக உறங்கி எழுந்தவர் கண்ணாடியைப் பார்க்கிறார். வெண்விழியின் ஒரு பகுதி செக்கச் செவேலென்றிருக்கிறது. நோவு இல்லை, பார்வையும் குன்றவில்லை. ஆயினும் காண்போர் அனைவரும் அஞ்சுகின்றனர்.

நேயர்களே, அங்கே நிகழ்ந்தது யாதெனில், வெண்விழியின்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தின் கீழே நுண்ணிய இரத்தக் குழாயொன்று வெடித்திருக்கிறது. பலத்த இருமல், தும்மல், வாந்தி, மலச்சிக்கலால் முக்குதல், பாரந் தூக்குதல், கண்ணைக் கசக்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அதற்குப் போதும். காரணமே புலப்படாமல் வருவதும் உண்டு. முதல் ஓரிரு நாள்களில் திட்டுச் சற்று விரியக்கூடும். பின்னர் மஞ்சள் நிறங்கொண்டு, ஒன்று முதல் மூன்று வாரங்களுள் தானே மறைந்துவிடும்.

ஆனால், அத்துணை நாள் பொறுத்திருக்க யாருக்கு மனம் வரும்? ஒருவர் தாய்ப்பால் விடச் சொல்வார். மற்றொருவர் நந்தியாவட்டைப் பூவைத் தேடுவார். இவற்றால் கிருமி தொற்றலாமே தவிர, இரத்தம் கரையப்போவதில்லை. இவற்றினும் கொடியது, சென்ற ஆண்டு வேறொருவருடைய கண்ணோய்க்குக் கொடுத்த மருந்தின் மிச்சத்தை அலுமாரியிலிருந்து எடுத்து விடுதல். அதில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால், தொடர்ந்து விடுவோருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஏறிப் பார்வைக்கே கேடு நேரலாம். சிவப்பை மாற்றும் என்று விற்கப்படும் துளிகளும் இங்கே பயன்படா. அவை இரத்தக் குழாயைச் சுருக்குவன; இங்கோ இரத்தம் குழாயை விட்டு வெளியேறிவிட்டது.

செயற்கைக் கண்ணீர் எனப்படும் ஈரந்தரும் துளிகளையே வைத்தியர்கள் சொல்வதுண்டு. அவையும் திட்டை அழிப்பதில்லை. துளி படலத்தின் மேலே, இரத்தம் கீழே. படலம் சற்றுப் புடைத்திருப்பதால் இமைக்குந்தோறும் மணல் உறுத்துவது போன்ற உணர்ச்சி உண்டாகும். அந்த உறுத்தலைத் தணிப்பதே துளியின் வேலை. உறுத்தல் இல்லாதவருக்கு அதுவும் வேண்டியதில்லை. கையைக் கழுவி, கீழிமையை மெல்ல இழுத்து, போத்தலின் நுனி கண்ணிற் படாமல் ஒரு துளி விட்டால் போதும். இரண்டாவது துளி கன்னத்தில் வழிவதற்கே உதவும். நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், பழுதடையாமைக்கான இரசாயனம் சேராத துளியைக் கேட்டு வாங்குதல் நன்று.

கண்ணில் அடிபட்ட பின்னரோ, இரும்புத்துகள் தெறித்த பின்னரோ தோன்றிய சிவப்பு வேறு. நோவு, மங்கற் பார்வை, வெளிச்சத்தைக் காணக் கூச்சம், பீளை ஆகியவை உள்ள சிவப்பும் வேறு. அவற்றுக்குத் துளி விட்டுக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நோவற்ற திட்டேயாயினும், நடுவயது கடந்தவர் இரத்த அழுத்தத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது தக்கது. அடிக்கடி வருமாயின் நீரிழிவையும் சோதிக்க வேண்டும். உயர் அழுத்தம் பலரிடத்தே எவ்வித அறிகுறியுமின்றி மறைந்திருப்பது. இருதய நோய்க்காக அஸ்பிரின், வோபரின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் சிலர், கண்ணைக் கண்டதும் அவற்றைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். கண்ணில் உள்ள திட்டு மறைந்துவிடும். நிறுத்திய மாத்திரையால் மூளையிலோ இருதயத்திலோ இரத்தம் உறைந்தால் அது மீளாது. வோபரின் உட்கொள்வோர் இரத்தம் உறையும் தன்மையை அளக்கும் பரிசோதனையைச் செய்வித்து, அதன் முடிவை வைத்தியரிடம் காட்ட வேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பு.