சிறு பெயரடை ஒன்றும் அசைக்கணக்கும்



தங்கச்சிமடம் என்னும் ஊர்ப்பெயரை அலகிட்டால் தங்/கச்/சிம/டம் என நான்கு அசை. பிரெஞ்சுப் புலவன் இதனையே தங்-கச்-சி-ம-டம் என ஐந்தாக எண்ணுவான். உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை என்பது அவன் கணக்கு. குறிலிணையை நிரையாக்கி ஒன்றெனக் கொள்வது தமிழ் யாப்பு. இதே கடற்கரையின் வடபால், காரைக்காலிலும் புதுச்சேரியிலும் 1954 வரை ஆண்டவர்களின் மொழிக் கவிதையைத் தமிழாக்க முனைவோர் முதலில் இடறுமிடம் இதுவே. ஒரு பெயரடை இதனைக் காட்டப் போதும்.

‘சிறிய’ என்னும் பொருளில் ஆண்பாற் பெயர்முன் ‘பெத்தி’ என்பர். எழுத்தில் ஈற்றுத் தகர ஒற்று உண்டு, ஒலிப்பதில்லை. உயிர்முதற் சொல் வரின் அவ்வொற்று விழித்துக்கொள்ளும். குழந்தை எனப் பொருள்படும் ‘ஆன்ஃபான்’ சேர்ந்தால் பெ-தி-தான்-ஃபான். விதி வேறெனினும், நம் ‘சிறு’ ஊரொடு கூடிச் சிற்றூர் ஆவது நினைவுக்கு வராமற் போகாது.

பெண்பாலில் ‘பெத்தித்’. எழுத்தில் இதன் ஈற்றில் ஓர் உயிர் நிற்கும். பாரிசுப் பேச்சில் ஒலியாது. விரைந்து பேசுவோர் முதல் உயிரையும் விழுங்கி ‘ப்தித்’ என ஓரசையாக்கிவிடுவர். தென்பிரான்சில் ஈற்றுயிர் இன்னும் மெல்லக் கேட்கும். மரபுச் செய்யுளிலோ அதற்குத் திட்டமான இடமுண்டு. பூவைக் குறிக்கும் ‘ஃப்ளர்’ என மெய் தொடர்ந்தால் பெ-தி-த-ஃப்ளர் என நான்கசை. விண்மீனைக் குறிக்கும் ‘எத்துவால்’ என உயிர் தொடர்ந்தால் ஈற்றுயிர் கெட்டுப் பெ-தி-தெ-துவால், இதுவும் நான்கே. அடியிறுதியில் அது கணக்கில் வாராது.

நாடு, எங்கே என்பன நாடெங்கே ஆவதறிந்த செவிக்கு இது புதிதன்று. அரை மாத்திரையாய்க் குறுகிய உகரத்தை என்செய்வது என்று தமிழிலும் வழக்கு நடந்துள்ளது. தொல்காப்பியர் அதற்கென நேர்பு, நிரைபு எனத் தனியசை வகுத்தார். காரிகை செய்த அமிதசாகரர் நேர், நிரை இரண்டோடு அமைந்தார். எனினும் வெண்பாவின் ஈற்றில் காசும் பிறப்பும் இன்றும் அந்த உகரத்தைத் தாங்கியே நிற்கின்றன.

பேச்சொலியை நம்பிப் பன்னிரண்டசை அடியை எண்ணுவோர்க்குப் பத்தோ பதினொன்றோதான் கிடைக்கும். பிழையைப் புலவன்மேல் ஏற்றுவர். ஓசை நிரம்ப வேண்டிய இடத்தில் தமிழிலும் முடமான அடி பிறக்கும். புதுச்சேரிப் பேச்சுத் தமிழ் செவிவழியே கடன்கொண்டது. ஆதலின் படைவீரன் ‘சொல்தா’ ஆனான், உள்ளாட்சி ‘கொம்யூன்’ ஆயிற்று. பேச்சுக்கு அது போதும். அந்தக் ‘கொம்யூன்’ பிரெஞ்சுச் செய்யுளில் மெய்யெழுத்தின்முன் நின்றால் கொ-மு-ன என மூன்றசை பெறும்.