கண்ணகிக்குத் திறந்த வாயில்

திண்டுக்கல் வாழ் தமிழன்பர்களே!

இவ்வூரை அடுத்து நிமிர்ந்து நிற்கும் சிறுமலை சிலப்பதிகாரத்தில் இடம்பெற்ற மலை. மதுரைக்கு வழி கூறுமிடத்து அதன் பெயர் வருகின்றது. அம் மதுரைக்குச் சென்ற கோவலன் மீளவில்லை; உசாவலின்றி வெட்டுண்டான். ஆயினும் கண்ணகி அரண்மனை வாயிலில் நின்றபோது கதவு திறந்தது. மன்னன் வழக்கைக் கேட்டான், சிலம்பு உடைந்தது, தன் பிழையுணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் நீத்தான். கொலைக்குப் பின்னரேனும் முறைகேட்க ஒரு வாயில் இருந்தது.

இன்றைய நிலை என்ன?

1942 ஆகத்து 15-ஆம் நாள், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை ஒடுக்க, ஆங்கில அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. உயிர் போகுமளவும் படைவலியைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அது படை அலுவலர்க்கு அளித்தது. அவர்கள்மேல் வழக்குத் தொடுக்க அரசின் முன்னிசைவு வேண்டுமென்றது.

வெள்ளையர் சென்றனர், அச் சட்டத்தின் உயிர் செல்லவில்லை. 1958 செப்டம்பரில் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டமாக, அசாமுக்கும் மணிப்பூருக்குமென்று அது மறுபிறப்பெடுத்தது. ஒரு வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். அயலான் அவ்வதிகாரத்தைக் கேப்டன் நிலைக்குக் கீழ்ப்பட்டவர்க்குத் தரவில்லை. விடுதலை பெற்ற நாடோ அவில்தார் வரை தந்தது! அதன் 4-ஆம் பிரிவு, ஐவர் கூடத் தடையுள்ள இடத்தில் தடையை மீறுவோரை, எச்சரித்தபின் சுடலாம் என்கின்றது. நடுவணரசின் முன்னிசைவின்றி வழக்கில்லை என்பது 6-ஆம் பிரிவு.

2021 திசம்பர் 4-ஆம் நாள், நாகாலாந்தின் மோன் மாவட்டத்து ஓட்டிங் ஊரருகே, நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து வீடு திரும்பிய கூலித் தொழிலாளர் அறுவர் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆளை மாற்றிக் கருதிய பிழையென்று அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. மாநிலக் காவல்துறை படையினர் 30 பேர்மேல் குற்ற அறிக்கை அளித்தது. 2023-இல் நடுவணரசு இசைவு மறுத்தது. 2024-இல் உச்சநயன்மன்றம், இசைவு கிடைப்பின் தொடரலாமென்று கூறி, வழக்கை முடித்தது. ஆறு வீட்டுக் கண்ணகியர் இன்னும் வாயிற்புறத்தே நிற்கின்றனர்.

சுடத் தயங்கும் படைமறவன் தானே மடிவான் என்பர் சிலர். உண்மை, எல்லையில் உயிர் கொடுப்பானை இகழ்தல் தமிழர் பண்பன்று. நடுகல் நட்டு மறவனைப் போற்றிய இனம் இது. ஆனால் நேர்மையாகச் சுட்டவனுக்கு உசாவலால் இழுக்கில்லை. மன்றமே அவனை விடுவிக்கும். உசாவலை அஞ்சுவோன் பிழை செய்தவனே.

இச் சட்டத்தை நீக்குகவென்று நடுவணரசே அமைத்த சீவன் ரெட்டிக் குழு 2005-இல் பரிந்துரைத்தது. அதை நீக்கக் கோரி ஐரோம் சர்மிளா 2000 முதல் 2016 வரை உண்ணாநோன்பிருந்தார். திரிபுராவினின்று 2015-இலும் மேகாலயாவினின்று 2018-இலும் அது விலக்கப்பட்டது. அதனால் அம் மாநிலங்கள் அழிந்துவிடவில்லை.

நாகர் மொழி வேறு, தமிழர் மொழி வேறு. ஆயினும் தொலைவிலுள்ளான் வாயில் அடைபட்டபோது வாளாவிருப்பவன், தன் வாயில் அடைபடும் நாளில் யாரை அழைப்பான்? முறைகேட்கும் வாயில் எவ்வினத்தார்க்கும் திறந்திருத்தல் வேண்டும். அதைத் தமிழன் கேட்காவிடின், கண்ணகி கதையைப் படித்ததனால் பயனென்ன?